பொறியின் ஆற்றலும் விற்பவரின் முத்திரையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பழுதேதுமின்றி ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியின் திரையிலே, புதிய வின்டோசுக்கு இக்கணினி ஏற்றதன்று என்ற கருத்தில் ஓர் அறிவித்தல் தோன்றுவதை எம்மவர் பலர் கண்டிருப்பர். அது பொறியின் இயலாமையா, அன்றி விற்பவர் செய்த தீர்மானமா? இதனையே இன்று ஆராய விழைகின்றோம்.

பெரியோர் பொருட்டு ஒரு விளக்கம். வின்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை, ஒரு வீட்டின் காரியஸ்தனைப் போன்றது. கணினியின் உறுப்புகள் யாவற்றையும் வேலை வாங்குவது அதுவே. புதிய காரியஸ்தன் வந்து, "இன்னாருடன் நான் வேலை செய்யேன்" என்றால் வீடு என்னாவது?

2015 யூலையில் வின்டோஸ் 10 வெளிவந்தது. அதுவே கடைசி வின்டோஸ் என்று மைக்றோசொப்ட் ஊழியர் ஒருவர் அவ்வாண்டு மேடையிலே சொன்னார். அச்சொல் ஆறாண்டுதான் நின்றது. 2021 ஒக்டோபர் 5 இல் வின்டோஸ் 11 வந்தது. கடுமையான நிபந்தனைகளும் உடன் வந்தன. டீ.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும்.

டீ.பி.எம். வீண் என்று நாம் சொல்லோம். இரகசியத் திறப்புகளை அது தனியே காப்பதால், பூட்டிய வட்டைக் கழற்றிச் செல்லும் கள்வனும் அதனை எளிதில் வாசிக்க இயலாது. ஆனால் டீ.பி.எம். 2.0 உள்ள ஆறாந் தலைமுறைக் கணினியும் செயலியின் பொருட்டுத் தள்ளப்படுகின்றதே! நான்கு கருக்கள் கொண்ட ஐ7-6700 வெளியே நிற்க, இரண்டே கருக்கள் கொண்ட செலரோன் என்4000 உள்ளே செல்கின்றது. ஏழாந் தலைமுறையிலும் சில செயலிகளுக்கே விலக்குக் கிடைத்தது; அவற்றுள் ஒன்று 7820எச்.கியூ. மைக்றோசொப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருந்ததும் அதுவே.

முன்னர் இதற்கு மாறாகவும் நடந்ததுண்டு. 2006 இல், வரவிருந்த விஸ்டாவுக்கு ஏற்றவை என்ற முத்திரையுடன் விற்கப்பட்ட பல கணினிகளால் அதன் முழுத் தோற்றத்தையும் காட்ட இயலவில்லை. அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. இன்டெலுக்கு உதவவே அளவுகோல் தளர்த்தப்பட்டதென நிறுவன ஊழியர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் 2008 இல் அவ்வழக்கில் வெளியாயிற்று. அன்று வலியற்றதை ஏற்றதென்றனர். இன்று வலியுள்ளதை ஏற்றதன்று என்கின்றனர்.

வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. தனியாட்களுக்கு ஓராண்டு நீட்டிப்புக்கு 30 டொலர் என்றனர்; மைக்றோசொப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமிப்பவர்க்கு அது இலவசம். ஆதரவற்ற கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாய்க் கண்டறியப்படும் ஓட்டைகள் அதில் அடைபடா. பழைய கணினியிலேயே படிக்கும் மாணவனுக்கு இது சிறு காரியமன்று.

லினக்ஸ் இவ்விடயத்திற் பொறுமையுள்ளது. 1985 இல் வந்த 386 செயலியை அது கைவிட்டது 2013 இலேதான். ஆயினும் சில அச்சுப்பொறிகளும் வின்டோசுக்கென்றே எழுதிய செயலிகளும் அதனுடன் ஒத்துவரா. எனவே யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து முதலில் ஓட்டிப் பாருங்கள். வட்டில் நிறுவாமலே உங்கள் வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

பிள்ளைக்குப் பழைய மடிக்கணினி வாங்கப்போகும் பெற்றோர், கடைக்காரர் காட்டும் ஐ5, ஐ7 என்ற எழுத்தில் மயங்காது, பின்னுள்ள எண்ணைக் கேளுங்கள். 6700 ஆயின் ஆறாந் தலைமுறை. 8250 ஆயின் எட்டாந் தலைமுறை. ஆறுக்கு எட்டின் விலை கொடுக்க வேண்டாம்.