தானே புறப்பட்டுப்போன ஆட்டக்காரர்



உங்களில் பலர் வீட்டில் பேஸ்பால் மட்டையும் கையுறையும் வைத்திருக்கிறீர்கள். ஆகையால் இன்று ஒரு பேஸ்பால் வீரரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ராபர்ட்டோ கிளெமென்டே.

போர்ட்டோ ரிக்கோ தீவில், கரோலினா என்னும் ஊரில், 1934-ல் பிறந்தார். தகப்பனார் கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர். 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு ஆடினார். பந்தைத் தடுத்து எறிவதில் அவருக்கு ஈடில்லை. தங்கக் கையுறை விருது 12 முறை அவருக்கே கிடைத்தது.

ஆனாலும் அவர் பேசிய ஆங்கிலத்தைப் பத்திரிகைக்காரர் சிலர் கேலி செய்தார்கள். பெயரையும் 'பாப்' என்று சுருக்கினார்கள். தன் பெயர் ராபர்ட்டோ என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளே, உங்கள் பெயரும் பள்ளிக்கூடத்தில் இப்படிப் பாடுபடுகிறதல்லவா? 1971-ல் வேர்ல்ட் சீரீஸை வென்றவுடன், தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று, முதலில் தாய்மொழியான ஸ்பானிஷில் பெற்றோரின் ஆசீர்வாதத்தைக் கேட்டார். வெட்கப்படவில்லை.

1972 செப்டம்பர் 30-ல் 3,000-வது ஹிட் அடித்தார். அதுவரை 10 பேரே எட்டியிருந்த எண்ணிக்கை அது. அந்தக் கணக்கு அத்தோடு நின்றுவிட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 23-ல் நிகரகுவாவின் மனாகுவா நகரைப் பூகம்பம் இடித்துத் தள்ளியது. கிளெமென்டே பண்டிகையை ஒதுக்கிவைத்து, உணவும் மருந்தும் சேர்த்து விமானத்தில் அனுப்பினார். அவை பாதிக்கப்பட்டவர்களின் கைக்குப் போய்ச்சேரவில்லை என்று கேள்விப்பட்டதும், தானே கொண்டுபோய்க் கொடுக்கத் தீர்மானித்தார். டிசம்பர் 31 இரவு புறப்பட்ட விமானம் சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 38. வீட்டில் மூன்று சிறு மகன்கள்.

ஏழைப் பிள்ளைகள் விளையாடிப் பழக ஒரு விளையாட்டு நகரம் அமைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் மனைவி வேரா பின்னர் அதைக் கரோலினாவில் உருவாக்கினார்.

பெரியவர்களே, நாமும் காணிக்கைப் பெட்டியில் போடுகிறோம். போட்டது பசித்தவன் கையில் சேர்ந்ததா என்று விசாரிக்கிறோமா? நல்ல சமாரியன் பணத்தைக் கொடுத்ததோடு நிற்கவில்லை; திரும்பி வந்து பார்ப்பதாகவும் சொல்லிப்போனான்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. உங்கள் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் நாளைக்குப் போங்கள். முழுப் பெயரைக் கேட்டு, சரியாகச் சொல்லிப் பழகுங்கள். அடுத்த ஞாயிறு வந்து அந்தப் பெயரை எனக்குச் சொல்லுங்கள். நாம் சேர்ந்து ஜெபிப்போம்.