தனியாக எழுதுவோம், கூடித் திருத்துவோம்

(எம்.கே.பி. நகரில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் பேசியது)



கதை, கட்டுரை எழுதும் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை வாசித்து நிறைகுறை பேசலாம் என்கிறார்கள். சேரலாமா, தனியாகவே எழுதலாமா என்று நானும் தயங்கினேன்.

துறைமுகத்தில் சுமை தூக்குபவரின் மகனைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தேன். படித்த சக ஆசிரியை, "சார், கதை முழுக்க நீங்கதான் பேசுறீங்க. அந்தப் பையன் ஒரு வார்த்தைகூடப் பேசலையே?" என்றார். இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் திரும்பப் படித்தேன். அவர் சொன்னது உண்மை. வகுப்பிலும் நான் இப்படித்தானோ என்று உறுத்தியது.

இது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியர் தம் நூலைப் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெளிவுபடுத்தியதாகப் பாயிரம் கூறுகிறது. கேட்டவரும் ஓர் ஆசான்தான்!

நாலு பேர் பேச்சைக் கேட்டால் நம் நடை போய்விடுமா? கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இடைசெவல் என்ற ஒரே ஊரில் பிறந்து, சேர்ந்து படித்துப் பேசி வளர்ந்த நண்பர்கள். இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. முன்னவருக்கு 1970, பின்னவருக்கு 1991. இருவர் நடையும் வேறுவேறு.

எனவே என் முடிவு இது: முதல் படியைத் தனியாக எழுதுவேன். முடித்தபின் குழுவில் வாசிப்பேன். எதை ஏற்பது என்பதை நானே தீர்மானிப்பேன்.

தினமும் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை வைக்கிறோம். நம் நோட்டையும் ஒருவர் திருத்தட்டுமே.