யாருக்குப் பதில் சொல்லப் போகிறீர்கள்?



துறையின் வரலாற்றைச் சொல்லித் தலைமையுரையைத் தொடங்குவது வழக்கம். அது கருத்தரங்க மலரிலேயே அச்சாகியிருக்கிறது, விட்டுவிடுகிறேன். ஒவ்வொரு கருத்தரங்கிலும் தேநீர் இடைவேளையில் மாணவர்கள் கேட்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: “ஐயா, டி.டிஎச். பண்ணலாமா, பிஎச்.டி. பண்ணலாமா?”

இறையியல் முனைவர் பட்டமான டி.டிஎச்., பல்கலைக்கழக ஆய்வுப் பட்டமான பிஎச்.டி. ஆகிய இரண்டில் எது பெரிது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கிட்டத்தட்டக் காலாவதியாகிவிட்டது. வட அமெரிக்காவில் இறையியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் அமைப்பு இரண்டையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. ஹார்வர்டும் டொரண்டோவும் டி.டிஎச்.-ஐக் கைவிட்டு பிஎச்.டி.க்கு மாறிவிட்டன. பெரிது சிறிது போகட்டும். ஆய்வேட்டை எழுதி முடித்தபின் நீங்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று பாருங்கள். வேறுபாடு அங்கேதான்.

ஜெர்மனியில் இது அப்பட்டமாகத் தெரியும். ட்யூபிங்கனில் கத்தோலிக்க இறையியல் கற்பித்த ஹான்ஸ் குங்கிடமிருந்து 1979 டிசம்பரில் திருச்சபை கற்பிக்கும் உரிமையைத் திரும்பப் பெற்றது. பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றவில்லை. கத்தோலிக்கப் புலத்துக்கு வெளியே அவர் பேராசிரியராகத் தொடர்ந்தார். கோட்டிங்கனில் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியராக இருந்த கெர்ட் லூடெமான், தாம் இனிக் கிறிஸ்தவர் அல்ல என்று 1998இல் அறிவித்தார். அவர் வேலை போகவில்லை, இருக்கையின் பெயர் மாறியது. போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு அவர் கையை விட்டுப் போனது. அவர் தொடுத்த வழக்கை 2008இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருவர் விஷயத்திலும் சிக்கல் புலமை பற்றியதல்ல. இறையியல் இருக்கைக்குத் திருச்சபையும் ஒரு பங்குதாரர், அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். மரியன்னைத் திருத்தலமான வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29இல் கொடியேற்றம், செப்டம்பர் 8இல் திருநாள். காவி உடுத்தி நடந்தே வருகிறவர்கள், மொட்டை போட்டுக்கொள்கிறவர்கள், தென்னங்கன்று காணிக்கை செலுத்துகிறவர்கள் என்று மதம் பாராத கூட்டம். இந்த ஒரே கூட்டத்தை வைத்து மூன்று ஆய்வேடு எழுதலாம்.

முதலாமவர் ரோமை முறைப்படி லைசென்ஷியேட் என்னும் முன்பட்டம் முடித்து, எஸ்.டி.டி. என்னும் கத்தோலிக்க இறையியல் முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறார். மரியன்னைக்குச் செலுத்தும் வணக்கம் எங்கே முடிகிறது, இறைவனுக்கு மட்டுமே உரிய ஆராதனை எங்கே தொடங்குகிறது என்பது அவர் சிக்கல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் எட்டாம் அதிகாரத்தைத் தாண்டாமல் அவர் ஓர் அடி வைக்க முடியாது. வாய்மொழித் தேர்வில், “இது திருச்சபையின் போதனையோடு எப்படிப் பொருந்துகிறது?” என்று கேட்பார்கள்.

இரண்டாமவர் பல ஆண்டு திருப்பணி செய்துவிட்டு, டி.மின். என்னும் திருப்பணி முனைவர் படிப்பில் சேர்ந்தவர். நேர்ந்துகொண்டு வந்த குடும்பத்திடம் குருவானவர் என்ன பேசுகிறார், அந்தப் பேச்சை எப்படிச் சீராக்கலாம் என்று களத்திலேயே செய்து பார்த்து எழுதுகிறார். இதைச் ‘சின்ன டாக்டரேட்’ என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. பயன்பாட்டில் இதற்கு ஈடு இல்லை என்பேன். ஆனால் இதை வைத்துப் பல்கலைக்கழக ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாமவர் பல்கலைக்கழகச் சமயவியல் துறையில் பிஎச்.டி. மாணவி. அன்னை நோயைக் குணமாக்கினாரா என்பதற்கு அவருடைய ஆய்வேட்டில் இடமில்லை. மொட்டை போட்டவர் அதே ஆண்டு பழனிக்கும் போனாரா, தேர்வடத்தை யார் தொடுகிறார்கள், காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று நோட்டும் கையுமாக அலைகிறார். இது முழுச் சுதந்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். ஆய்வாளர் சாமி கும்பிடுகிறவர் என்று தெரிந்தால் புருவம் உயர்த்தும் பேராசிரியர்கள் இந்தப் பக்கமும் உண்டு. அங்கும் வேதம் உண்டு, பெயர்தான் ‘முறையியல்’.

கொஞ்சம் காசு, வேலை பற்றியும் பேசியாக வேண்டும். மேடையில் பேசக் கூசுகிறோம், மாணவர் தலையில்தான் விடிகிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான ‘நெட்’ தேர்வுப் பாடப் பட்டியலில் சமயங்களின் ஒப்பாய்வு இருக்கிறது, மெய்யியல் இருக்கிறது, இறையியல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். இறையியல் பக்கம் பார்த்தால், செராம்பூர் கல்லூரிக்கு டென்மார்க் அரசர் 1827இல் தந்த பட்டயமும் 1918ஆம் ஆண்டுச் சட்டமும் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தன. அந்த மரபில் பி.டி., எம்.டிஎச். ஆகிய இறையியல் பட்டங்கள் படித்தவருக்கு இறையியல் கல்லூரிகளின் கதவு திறந்தே இருக்கும். அரசுக் கல்லூரிக் கதவு திறக்குமா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பணம் கட்டினால் அஞ்சலில் வரும் டி.டி. (டாக்டர் ஆஃப் டிவினிட்டி) பட்டங்கள். நற்செய்திக் கூட்டச் சுவரொட்டிகளுக்கு அவை போதும், இந்த அவைக்கு வேண்டாம்.

இறையியல், பல்கலைக்கழகம் என ஒரே ஆள் இரு பக்கமும் போனதுண்டு. ஊர்காவற்றுறையில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், கார்த்தேஜ் நகரக் குருக்களைப் பற்றி ஆய்ந்து ரோமில் இறையியல் முனைவரானார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். அதன்பின் லண்டனில், பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றி இரண்டாம் முனைவர் பட்டம் பெற்றார். ரோமில் எழுதியதை லண்டனிலும் லண்டனில் எழுதியதை ரோமிலும் ஏற்றிருப்பார்களா என்பது ஐயமே. இரண்டு கூட்டத்தார் கேள்விக்கும் அவர் தனித்தனியே பதில் தயார் செய்தார்.

எல்லோருக்கும் இரண்டு பட்டத்துக்கு ஆயுள் வாய்க்காது. ஆகவே நெறியாளர்களிடம் ஒரு கோரிக்கை. இறையியல் கல்லூரி மாணவருக்குப் பல்கலைக்கழகத் துறையிலிருந்தும், சைவ சித்தாந்தம், வைணவம், கிறிஸ்தவவியல் துறை மாணவருக்கு மடம், திருச்சபை சார்ந்த அறிஞரிடமிருந்தும் ஓர் இணை நெறியாளர் கிடைக்க வழி செய்ய வேண்டும். இதைத் தீர்மானமாக நாளை நிறைவு அமர்வில் முன்மொழியப் போகிறேன். எதிர்ப்பவர்கள் இன்றிரவே காரணங்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் அமர்வு தொடங்கலாம்.