தலைக்கவசமும் தவக்குலும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது, நபி (ஸல்) அவர்கள் தம் திருத்தலையில் ‘மிக்ஃபர்’ எனும் இரும்புத் தலைக்கவசம் அணிந்தே நகருக்குள் நுழைந்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அல்லாஹ்வின் மீது அவர்களைவிட உறுதியான நம்பிக்கை கொண்டவர் யார்? ஆயினும் தலையைக் காக்கும் ஏற்பாட்டை அவர்கள் கைவிடவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் பொறுப்புச் சாட்டுவதே தவக்குல் என்றும் நமக்குக் கற்றுத் தந்தார்கள்.

“மவ்த்து எழுதப்பட்டிருந்தால் வந்தே தீரும், ஹெல்மெட் என்ன செய்துவிடும்?” எனக் கேட்போர் நம்மில் உண்டு. சகோதரர்களே! தலைக்காயம் அடைந்தவர் அனைவரும் மவ்த்தாகிவிடுவதில்லை. உயிர் தங்கியும் பேச்சை, நினைவாற்றலை, கைகால்களின் இயக்கத்தை இழந்து ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்போர் உண்டு. அவரது சுமையை மனைவியும் வயது முதிர்ந்த பெற்றோருமே சுமக்கின்றனர்.

மண்டையோட்டினுள் மூளை ஒரு திரவத்தில் மிதக்கிறது. தலை தரையில் மோதி நிற்கும் நொடியிலும் மூளை முன்னோக்கி நகர்ந்து எலும்பில் மோதுகிறது. தலைக்கவசத்தின் கடினமான ஓடு அடியைப் பரவலாக்குகிறது. உள்ளிருக்கும் தெர்மாகோல் போன்ற நுரைப்பகுதி நசுங்கி, மோதலின் வேகத்தைத் தணிக்கிறது. கோக்ரேன் ஆய்வமைப்பு 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, விபத்துக்குள்ளாகும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் மரண அபாயத்தைத் தலைக்கவசம் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது.

அது முழுப் பாதுகாப்பன்று என்பதும் உண்மையே. தலை சுழன்று திரும்புவதால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பை அது அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் தலைக்கவசம் உடைந்தது, திருமுகம் காயமுற்றது. அதன் பின்னரும் மக்காவில் அவர்கள் தலைக்கவசம் அணிந்தார்கள் என்பதைச் சிந்தியுங்கள்!

இனி நம் நிலையைப் பார்ப்போம். ஜும்ஆவுக்கு வரும் வாகனங்களில் தொப்பி தலையிலும், ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மீதும் இருக்கின்றன. தந்தை அணிந்திருந்தால், பின்னால் அமர்ந்த மனைவியும் முன்னால் நிற்கும் குழந்தையும் வெறுந்தலையோடு வருகின்றனர். விழும்போது தரை அவர்களுக்கு மட்டும் மென்மையாகிவிடுமா? நான்கு வயதைக் கடந்த அனைவரும் அணிய வேண்டும் என 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் கூறுகிறது. அதற்கும் மேலாக, மனைவி மக்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தலைக்குச் சரியாகப் பொருந்துகின்ற கவசத்தை வாங்குங்கள். தாடை வாரை இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத கவசம் தலைக்கு முன்பே கழன்று ஓடிவிடும். கனத்த தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலில் அணியுங்கள். பெண்கள் மெல்லிய முக்காட்டின் மீதே கவசம் அணியலாம். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிடுங்கள். நசுங்கிய நுரை மீண்டும் காக்காது.

வல்ல நாயன் நம்மையும் நம் குடும்பத்தாரையும் விபத்துகளிலிருந்து காத்து, அவன் தந்த உடலைப் பேணி வாழும் நற்பேற்றை அருள்வானாக! ஆமீன்.