ஓடைக்கு உரிய அகலம்

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிரிவலம் வருவோர் தங்குதற்கு நம் சங்கம் ஒரு சத்திரம் எடுப்பித்தல் வேண்டும் என்பது நெடுநாளைய விருப்பம். அதற்கென ஓடைக்கரையில் ஒரு மனை மலிவாகக் கிடைக்கின்றது என்றும், வெள்ளத்துக்கு அஞ்சுவோமாயின் கரையில் ஒரு கற்சுவர் எழுப்பிக்கொள்ளலாம் என்றும் சென்ற கூட்டத்திற் சிலர் மொழிந்தனர். அம்மலிவு எதனால் வந்தது என்று ஆராயாமல் நாம் கையொப்பமிடலாகாது என்பதே யான் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

நம் மலை 2,668 அடி உயரமுடையது. அதன் சரிவிற் பெய்யும் பெருமழையை அடிவாரத்து ஏரிகளுக்குக் கொண்டு சேர்ப்பன ஓடைகளே. ஆண்டிற் பெரும்பகுதி மணலும் முள்ளுமாய்க் கிடத்தலின், இவற்றிற்கு இத்துணை அகலம் எற்றுக்கு என்று எண்ணுகின்றோம். ஒருவர் வேலியை இரண்டு முழம் தள்ளி நடுகின்றார். எதிர்க்கரையார் மண்கொட்டி மேடாக்குகின்றார். வழி அமைப்போர் இரண்டு குழாய்களைப் பதித்து மேலே மூடிவிடுகின்றனர். முப்பதடி ஓடை எட்டடியாகின்றது. மழையோ தன் அளவைக் குறைத்துக்கொள்வதில்லை.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலை வ. உ. சி. நகரில் மலைச்சரிவு இடிந்து, பாறையும் சேறும் வீட்டின்மேல் வீழ்ந்தன. மாண்டார் எழுவர், அவருள் ஐவர் சிறார். டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையினின்றும் வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் விடப்பட்டது. ஏறக்குறைய 16 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்து, அவ்வாண்டு செப்டம்பரிலேதான் திறக்கப்பெற்ற அகரம்பள்ளிப்பட்டுப் பாலத்தை அவ்வெள்ளம் கொண்டுபோயிற்று. ஆறு வேறு, ஓடை வேறு. ஆயினும் கற்சுவரை நம்புவோர் அப்பாலத்தை ஒருகால் நினைத்துப் பார்ப்பாராக.

சுவரில் மற்றுமொரு தீங்குண்டு. நெருக்குண்ட நீர் உயர்ந்து, விரைந்து, எதிர்க்கரையையும் கீழேயுள்ள வயல்களையும் தாக்கும். அங்கே குடியிருப்போர் பெரும்பாலும் ஏழைகள். நம் சங்கத்தைச் சேர்ந்தாரல்லர். அதுபற்றியோ ஒருவரும் அவர்களைக் குறித்து வாய் திறந்திலர்?

கரைகட்டுதலில் உலகிற் பெயர்பெற்றவர் ஒல்லாந்தர். 1995ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு அஞ்சி அந்நாட்டில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் மக்கள் வீடுவிட்டு வெளியேறினர். அதன்பின் அவர்கள் கரைகளை மேன்மேலும் உயர்த்துவதையே நம்பியிராமல், முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் ஆறுகளுக்கு இடம் விட்டனர். நைமேகன் நகருக்கு எதிரே வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் பின்னே தள்ளி அமைத்தனர்; அதன்பொருட்டு ஏறக்குறைய 50 வீடுகளை அகற்ற நேர்ந்தது. நாமோ இன்னும் ஒரு செங்கல்லும் வைத்திலோம்.

தமிழாசிரியனாதலின் ஒரு சொல்லைக் குறித்தும் பேச அனுமதிக்க வேண்டும். 'புறம்போக்கு' என்பது இந்நாளில் வசைச்சொல்லாய்விட்டது. தீர்வைக்குப் புறம்பாகப் பொதுப்பயனுக்கு விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். குளநிலத்தை வீட்டுமனைகளாகக் கொடுத்தல் தகாது என்று உச்சநீதிமன்றம் 2001இல் ஹின்ச் லால் திவாரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. மனைக்குப் பட்டா உண்டு என்பர் சிலர். இருக்கலாம். பட்டா நிலமும் பள்ளமாயின் வெள்ளம் பரவும் இடமே. அங்கே நெல் விளைக்கலாம், தென்னை வைக்கலாம், மாட்டுக்குப் புல் வளர்க்கலாம். நூறு பேர் உறங்கும் சத்திரம் வைக்கலாகாது.

ஆதலின், முன்பணம் கொடுக்குமுன் கிராம நிலப்படத்தையும் அம்மனையின் புலப்படத்தையும் வாங்கிப் பார்ப்போம். 2024 டிசம்பரில் நீர் எதுவரை ஏறியது என்று அக்கரையாரையே கேட்டு முளையடிப்போம். மனை அவ்வெல்லைக்குள் அகப்படுமாயின் அதனை விட்டு மேட்டு நிலம் பார்ப்பதே முறை. விலை கூடும், என் பங்காக ஒரு திங்கட் சம்பளத்தைச் சத்திர நிதிக்குச் செலுத்துகின்றேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அளவு சங்கிலியுடன் ஓடைக்கரையில் இருப்பேன். மனையை வாங்கவேண்டும் என்று வற்புறுத்தும் அன்பர்கள் தவறாது வருதல் வேண்டும்.