கல்லில் பொன், மூளையில் புரோட்டான்

(கோலார் தங்கவயலில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவத்தில் காந்தத்தின் பயனைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இந்த ஊரில் நின்று பேசுவதால், பொன்னிலிருந்து தொடங்குவதே முறை என்று எண்ணுகிறேன்.

சுரங்கத்திலிருந்து மேலே வந்த பாறையைக் கையிலெடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அதில் பொன் தெரியாது. டன்னுக்குச் சில கிராம் மட்டுமே கொண்ட கல்லில் கண்ணுக்குத் தெரிவது வெண்பளிங்குக் கல்லே. ஆனால் அந்தச் சில கிராமின் கணக்கைக் கொண்டுதான், அந்தப் பக்கத்தை மேலும் வெட்டலாமா, கைவிடலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆகவே கல்லைப் பொடியாக்கி, ஈயம் சேர்த்து உலையில் உருக்குவார்கள். பொன் ஈயத்தோடு சேர்ந்துவிடும். பின்னர் ஈயத்தை நீக்கினால், கடுகளவு மணி மிஞ்சும். அதை நுண்தராசில் நிறுத்தால் பொன்னின் அளவு எண்ணாகக் கிடைக்கும். இந்தச் சோதனையின் சிறப்பு ஒன்றுதான்: ஒரே கல்லை இரண்டு கூடங்களில் சோதித்தாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஒரு கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இதற்கு வருவேன்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே தொடங்கிய சுரங்கத் தொழில், 2001 பிப்ரவரி 28 அன்று முடிவுக்கு வந்தது. பொன் போன பின்பும், பொன்னைத் தோண்டியவர்களின் நுரையீரலில் தங்கிய தூசி போகவில்லை. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், மூச்சு வாங்கிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவை நினைவில் வைத்திருக்காத குடும்பம் குறைவு. பளிங்குக் கல்லைத் துளையிடும்போது எழும் நுண்தூசியால் வரும் அந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். அதற்கென்று மைசூர் அரசு 1940இல் தனி விதிகளை வகுத்தது. 1940 முதல் 1946 வரை இங்கே மருத்துவர் காப்லனும் உடன் பணியாற்றியவரும் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு, நம் நாட்டுத் தொழில்நோய் வரலாற்றில் முன்னோடியானது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்ததில், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது.

அந்த ஆய்வுகளுக்கு அடிப்படை மார்பு எக்ஸ்ரே படம். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, புள்ளிகள் உள்ளனவா, எவ்வளவு அடர்த்தி என்று மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் நோய் என்பார். இன்னொருவர் ஐயம் என்பார். அந்தச் சொல்லைப் பொறுத்தே தொழிலாளிக்கு இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும். இந்தக் குறையைப் போக்கவே பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் மாதிரிப் படங்களை வெளியிட்டு, தொழிலாளியின் படத்தை அவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வழக்கத்தை ஏற்படுத்தியது. படத்தைப் பார்ப்பதிலிருந்து படத்தை அளப்பதை நோக்கி எடுத்து வைத்த அடி அது.

சிலிக்கோசிஸ் தனியாக வந்து தனியாகப் போகும் நோயன்று. அது இருக்குமிடத்தில் காசநோய் எளிதில் புகுந்துவிடும். நுரையீரலில் புகுந்த காசநோய்க் கிருமி, சிலரிடம் இரத்தத்தின் வழியே மூளைக்கும் சென்று அங்கே சிறு கட்டிகளை உண்டாக்கும்; அல்லது மூளையைச் சூழ்ந்த உறைகளை அழற்சியுறச் செய்யும். வலிப்போடு வரும் ஒரு நோயாளியின் மூளைப் படத்தில் வளையம் போன்ற ஓர் உரு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது காசநோய்க் கட்டியாக இருக்கலாம். பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கியதாகவும் இருக்கலாம். நம் நாட்டில் இரண்டும் உண்டு. படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். மருந்தோ முற்றிலும் வேறு. காசநோய் என்றால் பல மாதங்கள், பல மருந்துகள். தவறாக முடிவு செய்தால், இல்லாத நோய்க்கு மருந்துண்பதும் இருக்கிற நோய் வளர்வதும் ஒருங்கே நேரும். மண்டையைத் திறந்து பார்க்காமல் இதை எப்படி அறிவது?

எம்.ஆர்.ஐ. கருவி காண்பது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கருவை, அதாவது புரோட்டானை. வலிமை மிக்க காந்தத்துக்குள் ஒவ்வொரு புரோட்டானும் பம்பரம்போல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றாடும். 1.5 டெஸ்லா காந்தத்தில் அந்த வேகம் நொடிக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 லட்சம் சுற்று. அதே அதிர்வெண்ணில் வானொலி அலை செலுத்தினால் புரோட்டான் அதை ஏற்றுப் பின் திருப்பித் தரும். 1946இல் பிளாக்கும் பர்செலும் தனித்தனியே கண்டறிந்த உண்மை இது. 1951இலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன், ஓடும் திரவத்தில் இந்த ஒத்ததிர்வை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். இரத்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ. மூலம் அளக்கும் இன்றைய முறைகளின் வரலாற்றில் அந்தப் பெயர் இடம்பெறுகிறது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

புரோட்டான் என்றதும் இந்த ஊரைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்டத்திலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் தோற்றுவிக்கும் நியூட்ரினோவை 1965இல் முதலில் கண்ட இடங்களுள் இந்தச் சுரங்கம் ஒன்று. 1980 முதல், தரைக்கு 2,300 மீட்டர் கீழே, புரோட்டான் தானாகவே சிதைகிறதா என்று விஞ்ஞானிகள் இரும்புத் தகடுகளுக்கிடையே காத்திருந்தார்கள். சில நிகழ்ச்சிகள் சிதைவாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். பிற நாடுகளின் பெரிய கருவிகள் அதை உறுதி செய்யவில்லை. ஓரிடத்து அளவை இன்னோரிடம் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கும் விதியாயிற்று.

மூளைக்குத் திரும்புவோம். அங்குள்ள புரோட்டான்கள் இருவகை. தளர்வாக உலவும் நீரின் புரோட்டான்கள் ஒரு வகை. அவற்றின் குறிப்பொலி பத்துக்கணக்கான மில்லி நொடிகள் நீடிக்கும். படத்தில் தெரிவன இவையே. புரதத்திலும், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையின் கொழுப்பிலும் இறுகப் பிணைந்த புரோட்டான்கள் மற்றொரு வகை. இவற்றின் குறிப்பொலி ஏறக்குறைய 10 மைக்ரோ நொடியில் மறைந்துவிடும். கருவி கேட்கத் தொடங்கும் முன்பே அடங்கிவிடும். நோயால் முதலில் மாறுவது பெரும்பாலும் இந்த மறைந்த கூட்டமே. பாறைக்குள் பொன் இருப்பதுபோல, இருந்தும் தெரிவதில்லை.

இதற்கு ஒரு வழியை 1989இல் அமெரிக்காவில் உல்ஃப், பாலபன் ஆகியோர் காட்டினர். நீரின் புரோட்டான்கள் ஒரு துல்லியமான அதிர்வெண்ணுக்கு மட்டுமே செவிசாய்க்கும். பிணைந்தவையோ அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுழற்சிகள் விலகிய அலையையும் ஏற்கும். ஆகவே சற்றே விலகிய அதிர்வெண்ணில் அலையைச் செலுத்தினால், நீரை நேரடியாகத் தொடாமல் பிணைந்த கூட்டத்தை மட்டும் களைப்படையச் செய்யலாம். இரு கூட்டங்களும் ஓயாமல் காந்தநிலையைக் கொடுத்து வாங்குவதால், அந்தக் களைப்பு நீருக்கும் வந்து சேரும். நீரின் ஒளி குன்றும். அந்தக் குறைவே மறைந்தவற்றின் அடையாளம். உலையில் ஈயம் செய்த வேலையை இங்கே நீர் செய்கிறது. இதற்குக் காந்தமாக்கப் பரிமாற்றம் என்று பெயர் சொல்லலாம். அலை செலுத்தும் முன் ஒளி 100, பின்பு 60 என்றால் குறைவு நூற்றுக்கு 40. இதுவே பரிமாற்ற விகிதம்.

இந்த முறையைக் காசநோய்க்குப் பயன்படுத்தியதில் நம் நாட்டுக்குத் தனிப் பங்குண்டு. லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆர்.கே. குப்தாவும் உடனிருந்தோரும் 1990களில் இதை முறையாக ஆராய்ந்தனர். காசநோய்க் கிருமியின் உறை கொழுப்பு மிகுந்தது. ஆகவே காசநோய்க் கட்டியின் பரிமாற்ற விகிதம் நாடாப்புழுக் கட்டியினதைவிடக் குறைவாக இருந்தது. மூளையுறை அழற்சியிலும் காசநோயின் விகிதம், சீழ் உண்டாக்கும் கிருமிகளால் வருவதைவிடக் குறைவாகவும், வைரஸால் வருவதைவிட மிகுதியாகவும் இருக்கக் கண்டனர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றியவற்றை எண் பிரித்துக் காட்டியது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பரிமாற்ற விகிதம் திசுவை மட்டும் பொறுத்ததன்று. செலுத்தும் அலையின் வலிமை, அது விலகிய அளவு, காந்தத்தின் திறன், கருவியை அமைத்த முறை ஆகிய அனைத்தும் அதில் கலந்திருக்கின்றன. லக்னோவில் கிடைத்த எண்ணை எடுத்துக்கொண்டு வேலூரிலோ பெங்களூரிலோ வேறு கருவியில் வைத்து, இந்த எல்லைக்குக் கீழே காசநோய் என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே படத்தை இரு மருத்துவர் இருவிதமாகப் படித்த பழைய சிக்கல், எண்ணின் உடையணிந்து மீண்டும் வந்து நிற்கிறது. எண் என்றவுடன் மயங்கும் பழக்கம் அலுவலகக் கோப்புகளிலும் உண்டல்லவா!

அளவுசார் காந்தமாக்கப் பரிமாற்ற முறை பிறந்தது இந்தக் குறையிலிருந்தே. கனடாவில் ஹெங்கல்மனும் குழுவினரும் 1993இல் அகார் கூழில் இதற்கு வழி வகுத்தனர். ஒரே அலையோடு நிற்காமல், பல விலகல்களிலும் பல வலிமைகளிலும் அளவெடுக்க வேண்டும். உடன், காந்தப்புலமும் வானொலி அலையும் உடலெங்கும் எவ்வளவு சீராக உள்ளன என்பதற்கும், நீர் இயல்புநிலை திரும்பும் காலத்துக்கும் தனித்தனி வரைபடங்கள் எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் இருகூட்டச் சமன்பாடுகளில் இட்டுத் தீர்த்தால், கருவியின் செல்வாக்கு பெரும்பாலும் கழிந்து, திசுவுக்கே உரிய எண்கள் வெளிவரும். அவற்றுள் முக்கியமானது, நீரின் புரோட்டான்களோடு ஒப்பிடப் பிணைந்தவை எத்தனை பங்கு என்பது. நலமான மூளையின் வெண்பொருளில் அது ஏறக்குறைய நூற்றுக்கு 10 முதல் 15 வரை. சாம்பல் பொருளில் ஏறக்குறைய அதில் பாதி. மயலின் உறை சிதையும் நோய்களில் இந்தப் பங்கு குறையும். டன்னுக்கு எத்தனை கிராம் என்ற கேள்விக்கு இதுவே விடை.

இதற்கும் எல்லைகள் உண்டு. முழு முறையில் அளவெடுக்க நெடுநேரம் ஆகும். வலிப்பு நோயாளி ஒருவரை அவ்வளவு நேரம் அசையாமல் படுக்க வைப்பது எளிதன்று. அளவுகளைக் குறைத்துச் சுருக்க வழிகள் வந்துள்ளன. அவற்றுக்காகச் சில மதிப்புகளை முன்கூட்டியே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீக்கத்தால் நீர் மிகுந்தாலும் பங்கு குறையும். ஆகவே குறைந்த எண்ணெல்லாம் மயலின் இழப்பே என்று கொள்ளலாகாது. இங்குள்ள முதியோரின் நுரையீரலுக்கு இது உதவுமா என்று கேட்பீர்கள். உதவாது. நுரையீரலில் காற்று மிகுதி, புரோட்டான் குறைவு. அங்கே எக்ஸ்ரேயும் சி.டி. படமும்தான் இன்றும் துணை.

மாணவர்கள் இதில் கைவைக்கக் கூடிய இடம் ஒன்று உண்டு. வெவ்வேறு ஊர்க் கருவிகள் ஒரே விடை தருகின்றனவா என்று பார்க்க, நோயாளியை ஊர் ஊராக அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. கல்லூரிச் சோதனைக் கூடத்திலேயே அகார் கூழை நூற்றுக்கு 2, 4, 8 என்ற செறிவுகளில் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றலாம். செறிவு கூடக்கூடப் பிணைந்த பங்கும் கூட வேண்டும். அதே குப்பிகளைப் பெங்களூரிலும் வேலூரிலும் கருவிகளில் வைத்து அளந்து, எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். குப்பிக்குள் காற்றுக்குமிழி இருத்தலாகாது. கருவியறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் வற்றினால் செறிவு மாறிவிடும் என்பதால் வாயை மெழுகால் இறுக மூடி, காய்ச்சிய தேதியைக் குப்பியின் மேலேயே எழுதி வையுங்கள்.