திறப்பு விழா முதலாளிக்கு, பூட்டிய கதவு தொழிலாளிக்கா?

(மதுரை காளவாசலில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காளவாசல் என்பது செங்கல் சுடும் சூளைக்கு நம் சீமையில் வழங்கும் பெயர். இன்று இந்த முனையில் சூளை கிடையாது. தேனி ரோடும் பைபாஸ் ரோடும் சந்திக்கிற இந்த இடத்தில், 2020இல் திறந்த மேம்பாலத்துக்கு இரு பக்கமும் கண்ணாடி போட்ட கடைகள் நிற்கின்றன. ஒரு கடைக்கு வாழைமரம் கட்டித் திறப்பு விழா நடக்கிறது. நாலு கடை தள்ளி ஷட்டர் இறங்கி, "வாடகைக்கு விடப்படும்" என்று போர்டு தொங்குகிறது.

"ஊர் வளர்கிறது, கடை வருகிறது. வியாபாரத்தில் வருவதும் போவதும் சகஜம். மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன்.

கடைக்குள் நிற்பது யார்?

இந்தக் கடைகளுக்குள் போய்ப் பாருங்கள். சேலையை விரித்துக் காட்டுகிற பெண் யார்? பில் போடுகிற பையன் யார்? மூட்டை இறக்குகிறவர் யார்? செக்கானூரணியிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்து இறங்குகிற விவசாயக் கூலியின் மக்கள் அவர்கள். ஒரு காலத்தில் மதுரை மில்களில் சங்கு ஊதியதும் ஷிப்டுக்கு ஓடிய தொழிலாளியின் பேரன் பேத்திகள் அவர்கள்.

மில்லில் ஆட்கள் குறைந்தார்கள். வயலில் வேலை நாட்கள் குறைந்தன. குறைந்த இடத்து ஜனங்களை இந்தக் கடைகள் வாங்கிக்கொண்டன. ஆகவே கடை என்பது இன்று நம் வர்க்கத்தின் புதிய மில். ஒரு வித்தியாசம் உண்டு. மில்லில் சங்கம் இருந்தது. எட்டு மணி நேரம் இருந்தது. போராடிப் பெற்ற போனஸ் இருந்தது. இந்தப் புதிய மில்லில் பல இடங்களில் கையில் ஒரு நியமனச் சீட்டுக்கூடக் கிடையாது. கடை இருக்கிற வரை அது தெரியாது. கடை மூடுகிற அன்றுதான் தெரியும்.

சுபிக்ஷாவின் பாடம்

சுபிக்ஷா என்ற கடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1997இல் சென்னையில் ஒரே ஒரு கடையாக ஆரம்பித்தார்கள். மற்றவர்களைவிட விலை குறைவு என்பதுதான் விளம்பரம். தமிழ்நாடு முழுவதும் பரவி, பிறகு வடக்கே டில்லி, பம்பாய் வரை போனார்கள். 2008இல் நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகள்! பத்திரிகைகள் புகழ்ந்தன.

இத்தனை கடை திறக்கப் பணம் எங்கிருந்து வந்தது? வியாபாரத்தில் வந்த லாபத்திலிருந்து அல்ல. பெரும்பகுதி கடன். பாங்கிக் கடன் 700 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கடை காலூன்றுவதற்கு முன்னே பத்துக் கடை திறந்தார்கள். 2008இல் அமெரிக்காவில் பெரிய பாங்கிகள் விழுந்தன. இங்கே புதுக்கடன் கிடைப்பது நின்றது. கடன் நின்றதும் சரக்கு நின்றது. சரக்கு நின்றதும் அலமாரி காலியானது. 2009 ஆரம்பத்தில் 1,600 கடைகளும் இழுத்து மூடப்பட்டன.

அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் கதி என்ன? மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. சரக்குக் கொடுத்த சிறு வியாபாரிகளுக்குப் பாக்கி. இடம் கொடுத்தவர்களுக்கு வாடகை பாக்கி. ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். கடையை 1,600 ஆக்கலாமா என்று எந்த விற்பனைப் பெண்ணிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்த காரியத்தின் நஷ்டத்தை மட்டும் அவள் தலையில் கட்டினார்கள்.

போர்டு மாறும், முதலாளி மாறுவார்

எல்லாக் கடையும் இப்படிப் பூட்டித்தான் போகும் என்பதில்லை. சில கடைகள் விழுங்கப்படுகின்றன. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோர் நம் நாட்டுப் பக்கத்துக் கடை, 29 கிளைகள். அதை 2020 மார்ச்சில் ரிலையன்ஸ் 152 கோடியே 50 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது.

பிக் பஜார் 2001இல் ஆரம்பித்து ஊர் ஊராகப் பரவியது. கடன் சுமை ஏறி, கொரோனா ஊரடங்கில் நொடித்தது. அதை யார் எடுப்பது என்று அமேசானும் ரிலையன்சும் கோர்ட்டில் மல்லுக்கட்டின. 2022இல் கடை இடங்களின் குத்தகையைத் தன் கையில் வைத்திருந்த ரிலையன்ஸ் நூற்றுக்கணக்கான கடைகளைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. ஒரு போர்டு இறங்கியது, இன்னொரு போர்டு ஏறியது.

2012 செப்டம்பரில் மத்திய அரசு சில்லறை வியாபாரத்தில் 51 சதவீதம் அந்நிய மூலதனம் வரலாம் என்றது. அந்த மாதம் 20ஆம் தேதி நாடெங்கும் கடையடைப்பும் பந்த்தும் நடந்தன. அமெரிக்க வால்மார்ட் நம் தெருவில் சில்லறைக் கடை விரிக்க முடியவில்லை. ஆனால் 2018இல் அதே வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை வாங்கியது. முன்வாசலில் மறித்தோம், கொல்லைப்புறமாக வந்தார்கள். இன்று அந்தக் கடைக்குக் கதவே இல்லை. நம் பையன் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும் என்று இந்தப் பாலத்தின் மேல் பறக்கிறான்.

அண்ணாச்சி கடை

"அப்படியானால் பெரிய கடையை எதிர்த்துச் சின்னக் கடையைக் காப்பாற்றச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஆதரிக்க வேண்டும்.

சின்னக் கடை நமக்குச் செய்கிற உபகாரம் ஒன்று உண்டு. பத்து ரூபாய்க்கு எண்ணெய் கொடுக்கும். கூலி வருகிற வரை நோட்டில் எழுதிக்கொள்ளும். மழை பெய்து வேலை இல்லாத வாரத்தில் அடுப்பு எரிவது அந்த நோட்டினால்தான். பெரிய கடை பருப்பு விலையைக் குறைத்துக் காட்டும். கடன் சொன்னால் வெளியே அனுப்பும். பருப்பில் விட்டதை மற்ற சாமானில் பிடித்துக்கொள்ளும். பக்கத்துச் சின்னக் கடைகள் சாகும்வரைதான் இந்தக் குறைந்த விலை.

கீழ மாசி வீதி மளிகை மண்டியிலிருந்து காளவாசல் பெட்டிக்கடை வரை சிறு வியாபாரிக்கு அடிமேல் அடி. 2016 நவம்பர் 8 நோட்டுச் செல்லாத அறிவிப்பு ஓர் அடி. 2017 ஜூலை 1 ஜி.எஸ்.டி. இரண்டாவது அடி. 2020 மார்ச் ஊரடங்கு மூன்றாவது அடி. இவர்கள் நம் நேசசக்தி. தள்ளுவண்டிக்காரரும் பூக்காரம்மாவும் அப்படியே. 2014ஆம் வருஷத் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் கமிட்டியில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் யாரையும் விரட்டக்கூடாது என்கிறது. அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, ரோட்டுக்கு வர வேண்டும்.

அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சின்னக் கடையிலும் ஒரு பையன் விடியுமுன் ஷட்டரைத் தூக்கி, ராத்திரி பதினொரு மணிக்கு இறக்குகிறான். வாரத்தில் ஒரு நாள் லீவு இல்லாமல் உழைக்கிறான். முதலாளி சிறியவர் என்பதால் தொழிலாளியின் கால்வலி சிறியதாகிவிடாது. வியாபாரியோடு ஐக்கியம் வேண்டும். தொழிலாளியின் உரிமையை விட்டுக்கொடுத்த ஐக்கியம் வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கிற சட்டம்

1947ஆம் வருஷத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொல்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் இரட்டைச் சம்பளம். 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசு அனுமதித்தது. மதுரைக்கு இது புதிதல்ல. பகல் கடையை நாளங்காடி என்றும் இரவுக் கடையை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி பாடிய ஊர் இது. கடை தூங்காமல் இருக்கட்டும். ஆனால் தொழிலாளி தூங்க வேண்டாமா? கடை 24 மணி நேரம் திறந்தால் ஆளும் ஷிப்டுப்படி மாற வேண்டும்.

நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் பெண்களின் கால் நரம்பு முடிச்சுப் போடுகிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் "உட்காரும் உரிமை" கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளத்தில் சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபையும் அதே திருத்தத்தைச் செய்தது. இன்று உட்கார ஆசனம் கொடுப்பது கடைக்காரரின் தயவு அல்ல, கடமை. உங்கள் மகள் வேலை செய்யும் கடையில் ஸ்டூல் இருக்கிறதா? இன்று இரவே அவளைக் கேளுங்கள்.

கடை மூடினால் என்ன கிடைக்க வேண்டும்? ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். மாதம் 12,000 ரூபாய் வாங்கி நாலு வருஷம் வேலை பார்த்த பெண்ணுக்கு நஷ்டஈடு மட்டும் 24,000 ரூபாய். "நஷ்டம் வந்துவிட்டது, சரக்குத் தேங்கிவிட்டது, குத்தகை முடிந்துவிட்டது" என்று சொல்லி முதலாளி இதைக் குறைக்க முடியாது. இந்த மூன்றும் சாக்காகாது என்று 1947ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டமே எழுதி வைத்தது.

2025 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அந்த நஷ்டஈடு தொடர்கிறது. அதே தொகுப்பு ஆலையை மூட அரசு அனுமதி தேவை என்ற வரம்பை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்தி, மில் தொழிலாளியின் கழுத்தில் கை வைத்திருக்கிறது, அதை எதிர்க்கிறோம். ஆனால் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்று அதில் இருப்பதை விட்டுவிடக் கூடாது; கேட்டு வாங்க வேண்டும்.

கம்பெனி திவால் கோர்ட்டுக்குப் போய்க் கலைக்கப்பட்டால், தொழிலாளியின் 24 மாதச் சம்பள பாக்கி ஈட்டுக் கடன் கொடுத்த பாங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கிறது. ஆனால் கோர்ட்டில் போய் "நான் இங்கே வேலை பார்த்தேன்" என்று சொல்ல ஆதாரம் வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. எண், இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எப். எண். இந்தக் காகிதங்கள் இல்லாதவருக்கு வரிசையில் இடமே இல்லை. திறப்பு விழா அன்று கேட்க வேண்டிய காகிதத்தைப் பூட்டுப் போட்ட அன்று கேட்டால் யார் கொடுப்பார்?

நம் கடை

1844இல் இங்கிலாந்தில் ராக்டேல் என்ற மில் ஊரில், கலப்பட மாவும் கொள்ளை விலையும் தாங்காமல், 28 பேர் ஆளுக்கொரு பவுன் சேர்த்தார்கள். நெசவாளர்களே அதில் அதிகம். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி என்று நாலைந்து சாமானோடு டிசம்பர் 21 அன்று ஒரு கடை திறந்தார்கள். லாபத்தைச் சாமான் வாங்கியவர்களுக்கே பங்கு போட்டார்கள். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அது வழிகாட்டியது. நம் நாட்டிலும் 1904இல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது.

நம் மதுரையிலும் ஒரு சாட்சி இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். விவசாயி நேரே விற்கலாம். தரகு இல்லை, கடை வாடகை இல்லை, அன்றைய விலை போர்டில் இருக்கும். சுபிக்ஷா அதற்கு இரண்டு வருஷம் முன்னே பிறந்தது. பன்னிரண்டு வருஷத்தில் செத்தது. உழவர் சந்தை நடந்துகொண்டிருக்கிறது. ஏன்? ஒன்று கடன் வாங்கிப் பந்தயக் குதிரையாக ஓடியது. மற்றது ஜனங்களின் தேவையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கூட்டுறவுக் கடைகளில் நிர்வாகக் குறை, சரக்குக் குறை இருக்கிறது என்பது உண்மை. குறையைச் சரிசெய்ய உறுப்பினராகச் சேர்ந்து பொதுக்குழுவில் கேட்க வேண்டும். கடையைக் கைவிடக் கூடாது.

தோழர்களே! கடை திறக்கட்டும்; நாம் தடுக்கவில்லை. நம் கோரிக்கை நாலு. கடையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம். எட்டு மணி நேரமும் வார லீவும் உட்கார ஆசனமும். மூடினால் சட்டப்படி நஷ்டஈடு. பேட்டைதோறும் நன்றாக நடக்கும் கூட்டுறவுக் கடை.

இதற்கு முதல் வேலை கடைச் சிப்பந்திகளுக்குச் சங்கம். ஒரு கடையில் ஐந்து பேர்தான் இருக்கலாம். ஆனால் பொன்மேனியிலிருந்து அரசரடி வரை எண்ணினால் ஒரு மில் ஆட்கள் தேறுவார்கள். மில்லில் சங்கம் கட்டிய பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த அனுபவத்தை உங்கள் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கடை மூடுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுங்கள்.